பரிசோதனையும் தடமறிதலும்: பெருந்தொற்றின் நடுவே ஒரு வார்டைப் படிப்படியாகத் திறக்கும் முறை

வார்டு அளவில் வேலை செய்யப் போகும் சுகாதார ஆய்வாளர்கள், தன்னார்வலர்கள், கவுன்சிலர்கள், பேரூராட்சி ஊழியர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். 2020-இல் சென்னையில், நோயாளியோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்கும் தடமறிதல் வேலைக்காக இருந்த ஒரு மண்டலத்தின் தொலைபேசிக் குழுவில் புதியவர்களைப் பழக்குவது என் வேலை. அவர்கள் எங்கெங்கே தடுமாறினார்கள் என்று பார்த்ததை வைத்தே இந்த வரிசையை அமைத்திருக்கிறேன். எண்கள் 2020-21 காலத்துக் கொரோனாவுக்கு உரியவை. அடுத்து வரும் கிருமிக்கு நாள்கணக்கு மாறலாம், செய்யும் வரிசை பெரிதாக மாறாது.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். காலண்டரைப் பார்த்து ஊரடங்கைத் தளர்த்தி வார்டைத் திறக்காதீர்கள். இன்று பாசிட்டிவ் வந்தவரோடு பழகியவர்கள் எத்தனை நாளில் வீட்டுக்குள் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். அது எவ்வளவு வேகமோ அவ்வளவு திறக்கலாம்.

0. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காய்ச்சல் வந்த அன்றே மாதிரி கொடுக்க நடந்து போகும் தூரத்தில் ஓர் இடம். ஒரு நாளுக்குள் ரிசல்ட் தரும் ஆய்வகம். போனில் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஆட்கள். வீட்டில் இடமில்லாதவர்களைத் தங்கவைக்க ஒரு பள்ளியோ மண்டபமோ. தனிமையில் இருப்பவர்களுக்கு அரிசி, பால், மாத்திரை வாங்கிக் கொடுக்க ஒரு குழு. தேவைப்பட்டால் அன்றே மூடச் சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர். இதில் கடைசி இரண்டையும் பலர் மறந்துவிடுவார்கள். அவை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் கணக்கெடுப்பாகத்தான் முடியும்.

அப்புறம் ஒரே ஒரு பதிவேடு. நோட்டோ எக்ஸெல்லோ, எதுவாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஐந்து தேதிகள் அதில் இருக்க வேண்டும்: அறிகுறி தொடங்கிய நாள், மாதிரி எடுத்த நாள், ரிசல்ட் வந்த நாள், நாம் போனில் பிடித்த நாள், தொடர்பில் இருந்தவர்கள் தனிமைக்குப் போன நாள். பெயரை விட்டுவிட்டால்கூடப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். தேதியை விட்டுவிட்டால் அடுத்த படி எதுவும் ஓடாது.

மாதிரி எடுக்கும் மேசையில்தான் முதல் ஓட்டை. அவசரத்தில் தப்பான எண்ணை எழுதுவார்கள், அல்லது பயத்தில் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார்கள். 2020 ஜூனில் சென்னையில் தவறான எண்ணும் முகவரியும் கொடுத்த நோயாளிகளைப் போலீசை வைத்துத் தேட வேண்டியிருந்தது. இதற்கு வழி எளிது. ஸ்வாப் எடுப்பதற்கு முன்பே அங்கிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். மணி அடித்தால்தான் படிவம் அடுத்த மேசைக்குப் போக வேண்டும். இன்னொரு எண்ணும் வாங்கிவையுங்கள், வீட்டு அம்மாவுடையதாக இருந்தால் நல்லது.

1. திறப்பதைப் பேசும் முன் தாமதத்தை அளங்கள்

கொரோனாவில் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் மற்றவருக்குத் தொற்றைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். தொற்றியவருக்கு அறிகுறி வரப் பெரும்பாலும் ஐந்து நாள் ஆகும், சிலருக்குப் பதினான்கு நாள் வரை. உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இந்த இரண்டு கணக்கின் நடுவில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணம் போட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை ஒருவருக்குக் காய்ச்சல். சனிக்கிழமை அவரோடு சாப்பிட்டவருக்குத் தொற்றியிருந்தால், அவர் சுமாராகச் செவ்வாய் அல்லது புதனில் பரப்பத் தொடங்குவார். திங்கட்கிழமையே மாதிரி எடுத்து, செவ்வாய் ரிசல்ட் வந்து, அன்று மாலையே போன் போனால் பிடித்துவிடலாம். காய்ச்சலை இரண்டு நாள் பாராசிட்டமாலில் ஓட்டி, ரிசல்ட்டுக்கு மூன்று நாள் காத்திருந்து, சனிக்கிழமை போன் செய்தால் நாம் தேடிப் போவது அடுத்த நோயாளியை. தொடர்புகள் என்ற பெயரில் பழைய பட்டியலைப் படித்துக்கொண்டிருப்போம்.

ஒரு வாரத்துப் பதிவேட்டை எடுத்து முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே உள்ள நாள்களை எழுதுங்கள். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் உள்ளதைப் பாருங்கள். சராசரி எடுக்காதீர்கள், பத்து நாள் தாமதமான ஓரிருவர் அதைக் கெடுத்துவிடுவார்கள். நடு எண் இரண்டு அல்லது மூன்று என்றால் கொஞ்சம் திறக்கலாம். ஐந்துக்கு மேல் என்றால் எதையும் திறக்காமல் முதலில் எந்த இடைவெளி பெரிது என்று கண்டுபிடியுங்கள்.

புதியவர்கள் உடனே ஆய்வகத்தைக் குறை சொல்வார்கள். நான் பார்த்த அளவில் பெரிய ஓட்டை முதல் இடைவெளிதான்: காய்ச்சல் வந்ததும் ஆள் சோதனைக்கு வருவதில்லை. வேலை போய்விடும், வீட்டு வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயம். அதை ஆய்வகத்தில் சரிசெய்ய முடியாது.

2. யாருக்குச் சோதனை, எந்த நாளில்

அறிகுறி உள்ளவர்கள் முதலில். அவர்களைக் காத்திருந்து பிடிக்காமல் தேடிப் போக வேண்டும். சென்னையில் தெருவுக்குத் தெரு நடந்த காய்ச்சல் முகாம்களும், வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்ட களப்பணியாளர்களும் இதற்காகத்தான். முகாமை வேலை நாளில் காலை பத்து மணிக்குப் போட்டால் வேலைக்குப் போகிறவர்கள் வர மாட்டார்கள். மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையோ போடுங்கள்.

அடுத்து நோயாளியின் நெருங்கிய தொடர்புகள். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். பழகிய மறுநாளே ஸ்வாப் எடுத்து, நெகட்டிவ் வந்ததும் 'சரி, ஒன்றுமில்லை' என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த நாளில் கிருமி இருந்தாலும் தெரியாது, உடம்பில் பெருகுவதற்கு நேரம் வேண்டும். அறிகுறி இல்லாத நெருங்கிய தொடர்புகளை ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் சோதிக்கச் சொன்னார்கள். அதுவரை வீட்டில்தான். நெகட்டிவ் வந்தாலும் பதினான்கு நாள் கணக்கு முடிகிற வரை வெளியே விடக் கூடாது. ரிசல்ட் வந்தவுடன் இதை அதே போனில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் 'நெகட்டிவ்' என்ற சொல்லையே அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வார்கள்.

எந்தச் சோதனை? தமிழ்நாடு ஏறக்குறைய முழுவதுமாக, ஆய்வகத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் ஆர்.டி.பி.சி.ஆரையே நம்பியது. பல மாநிலங்கள் அரை மணி நேரத்தில் ரிசல்ட் தரும் ஆன்டிஜென் சோதனையைக் கலந்து பயன்படுத்தின. ஆன்டிஜெனில் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். அறிகுறி இருந்தும் நெகட்டிவ் வந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். எடுத்தே ஆக வேண்டும், அப்போதைய விதியும் அதுதான். என் கருத்து: ரிசல்ட்டுக்கு நான்கு நாள் ஆகும் ஊரில், வேகமான சுமார் சோதனை தாமதமான துல்லியச் சோதனையைவிட மேல்.

தொற்று குறைந்திருக்கும்போது கூட்டுச் சோதனை செய்யலாம். ஐந்து பேர் வரையிலான மாதிரிகளை ஒன்றாகக் கலந்து சோதிப்பது. நெகட்டிவ் என்றால் ஐந்து பேரும் தப்பித்தார்கள், பாசிட்டிவ் என்றால் மட்டும் தனித்தனியாக. 2020 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். இதை நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகத் தொற்று உள்ள இடங்களுக்குப் பரிந்துரைத்தது, நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் போனால் வேண்டாம் என்றது. காரணம் சாதாரணக் கணக்கு. பாதிக் கூட்டுகள் பாசிட்டிவ் ஆனால் அவற்றில் உள்ள எல்லோரையும் திரும்பச் சோதிக்க வேண்டும், மிச்சம் பெரிதாக இருக்காது. திறந்த பிறகு சுமைதூக்குபவர்கள், பஸ் நடத்துநர்கள் ஆகியோரை வாராவாரம் பார்க்க இது நல்ல வழி. நோயாளியின் தொடர்புகளுக்கு மட்டும் வேண்டாம்.

குணமானவரை வேலைக்கு எடுக்க நெகட்டிவ் சான்றிதழ் கேட்கும் முதலாளிகள் இருப்பார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். செத்த கிருமியின் துணுக்குகள் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். 2020 மே மாதமே லேசான பாதிப்பு உள்ளவர்களை, பத்து நாள் முடிந்து மூன்று நாள் காய்ச்சல் இல்லாவிட்டால், மறுசோதனை இல்லாமல் அனுப்பலாம் என்று விதியை மாற்றிவிட்டார்கள். அந்த மறுசோதனைகள் மிச்சமானால் புதிய காய்ச்சல்காரர்களைச் சோதிக்கலாம்.

3. போன் பேட்டி

முழு வேலையிலும் நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது. பட்டியல் நன்றாக இருந்தால் பத்துக் கதவுகளைத் தட்டினால் போதும். மோசமாக இருந்தால் தெருவையே அடைக்க வேண்டியிருக்கும்.

எடுத்தவுடன் 'யார் யாரைப் பார்த்தீர்கள்?' என்று கேட்டால் 'யாரையும் பார்க்கலைங்க' என்றுதான் பதில் வரும். முதலில் உடம்பைப் பற்றி விசாரியுங்கள். 'வணக்கம்மா, கார்ப்பரேஷன்ல இருந்து பேசுறேன். இப்ப காய்ச்சல் எப்படிம்மா இருக்கு? மூச்சு வாங்குதா? சாப்பிட முடியுதா?' இது நாகரிகத்துக்காக மட்டும் இல்லை. மூச்சுத் திணறல் உள்ளவரைப் பட்டியலுக்காக அரை மணி நேரம் பேசவைத்தால் அது பெரிய தப்பு. ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு வீட்டில் வேறொருவரிடம் பேசுங்கள்.

பிறகு அறிகுறி தொடங்கிய நாளை உறுதி செய்யுங்கள். 'நாலஞ்சு நாளா' என்பது பதில் ஆகாது. அமாவாசைக்கு முன்பா பின்பா, ரேஷன் வாங்கிய அன்றா, வாரச் சம்பளம் வாங்கிய சனிக்கிழமையா என்று தெரிந்த ஒரு நாளோடு கட்டிக் கேளுங்கள். அந்த நாளிலிருந்து இரண்டு நாள் பின்னால் போய் அங்கிருந்து இன்று வரை ஒவ்வொரு நாளாக நடத்திக்கொண்டு வாருங்கள்.

ஆளைக் கேட்காமல் இடத்தையும் செயலையும் கேளுங்கள். காலையில் டீ எங்கே? வேலைக்கு எதில் போனீர்கள், ஷேர் ஆட்டோவா? மதியச் சாப்பாட்டை யாரோடு பகிர்ந்தீர்கள்? சாவு வீடு, வளைகாப்பு, காதுகுத்து ஏதாவது போனீர்களா? ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரத்துக்கு மேல் பக்கத்தில் இருந்தவர் யார் என்று கேட்டால் பெயர்கள் தானாக வரும். கல்யாணம் என்றால் மொய் நோட்டைக் கேளுங்கள். பெயர், ஊர் எல்லாம் எழுதிவைத்த தயார் பட்டியல் அதுபோல வேறு கிடைக்காது.

இதுவரை கேட்டது யாருக்குக் கொடுத்திருப்பார் என்பதற்காக. இனி யாரிடமிருந்து வந்தது என்று பின்னோக்கியும் கேட்க வேண்டும். புதியவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் மகசூல் இங்கேதான் அதிகம். தமிழ்நாடு, ஆந்திரத் தரவுகளை வைத்து 2020-இல் வெளியான ஆய்வில், 84,965 நோயாளிகளின் 5,75,071 தொடர்புகளைச் சோதித்த விவரம் இருக்கிறது. பத்தில் ஏழு நோயாளிகளின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று தென்படவில்லை. கொஞ்சம் பேரிடமிருந்துதான் பெரும்பகுதி பரவியிருக்கிறது. அப்படியானால் உங்கள் நோயாளி பெரும்பாலும் ஒரு கூட்டத்தில் தொற்றியவர். அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தால் ஒரே பேட்டியில் பல பேர் கிடைப்பார்கள். இரண்டு வெவ்வேறு நோயாளிகள் ஒரே பட்டறைப் பெயரைச் சொன்னால் மூன்றாவதுக்குக் காத்திருக்காமல் அன்றே அங்கே போங்கள்.

தொடர்பில் இருந்தவரை அழைக்கும்போது நோயாளியின் பெயரைச் சொல்லவே கூடாது. 'யாருங்க அது, மாடி வீட்டுக்காரங்களா?' என்று நூல் விட்டுப் பார்ப்பார்கள். 'அது சொல்ல முடியாதுங்க, உங்க நல்லதுக்குத்தான் கூப்பிடுறேன்' என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு தடவை பெயர் கசிந்தால் அந்தத் தெருவில் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒரு பேட்டிக்கும் அதன் தொடர்புகளை அழைப்பதற்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் என்று வைத்தால், ஒருவர் ஒரு நாளில் நான்கு நோயாளிகளைத்தான் முழுதாகப் பார்க்க முடியும். குழுவில் ஐந்து பேர் என்றால் இருபது. அந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவையுங்கள், ஆறாம் படியில் தேவைப்படும்.

4. தனிமையை முடியக்கூடியதாக்குங்கள்

வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினால் தனிமை ஆகிவிடாது. ஒரே அறை, எட்டுக் குடித்தனத்துக்குப் பொதுக் கழிவறை என்று இருக்கும் இடத்தில் 'தனி அறையில் இருங்கள்' என்று சொல்வது கேலி செய்வது போலிருக்கும். பேட்டியிலேயே மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தனி அறை உண்டா, கழிவறை யாரோடு, தினக்கூலியா. தனி அறை இல்லை என்றாலோ கழிவறை பொது என்றாலோ, முன்பு சொன்ன பள்ளியிலோ மண்டபத்திலோ உள்ள பராமரிப்பு மையம். மூன்றாவது ஆம் என்றால் அன்று மாலையே மளிகைப் பை போக வேண்டும். மறுநாள் போனால் அவர் வேலைக்குப் போயிருப்பார், அவர்மீது தப்பும் சொல்ல முடியாது.

தகரம் அடிப்பதை நான் எப்போதும் எதிர்த்தேன். தீ விபத்துக்கும் பிரசவத்துக்கும் வழி அடைபடுகிறது என்பது ஒரு காரணம். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் தனக்குக் காய்ச்சல் வந்தால் மறைப்பார் என்பது அதைவிடப் பெரிய காரணம். தினம் ஒரு போன், அதுவும் அதே குரலில் இருந்தால், தகரம் செய்யாததைச் செய்யும்.

5. திறக்கும் வரிசை

ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு கேள்விகள். இங்கே ஒருவருக்குத் தொற்று வந்தால் எத்தனை பேருக்குப் பரவும்? அவர்களை ஒரு நாளில் கண்டுபிடிக்க முடியுமா?

கட்டட வேலை, வருகைப் பதிவு உள்ள தொழிற்சாலை, ஷிப்ட் பிரித்த பட்டறை: ஆள் தெரியும், குழு மாறாது. இவை முதலில். தெருவோர டீக்கடையில் யார் வந்தார்கள் என்று தெரியாது, ஆனால் திறந்த வெளி, ஐந்து நிமிடம். பார்சலோடு முன்னாலேயே திறக்கலாம். ஏ.சி. போட்ட துணிக்கடை, சலூன் நடுவில். வருகிறவர் எண்ணை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மண்டபம், மூடிய அரங்கு, தொலைதூரப் பஸ் கடைசியில். மூன்றாம் படியில் சொன்ன ஆய்வில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒரே வண்டியில் நோயாளிக்கு அருகில் பயணித்தவர்கள் குறைந்த எண்ணிக்கையில்தான் இருந்தார்கள், ஆனால் அவர்களில் ஏறக்குறைய 80% பேருக்குத் தொற்றியிருந்தது.

இரண்டு கேள்விக்கும் மோசமான பதில் தருவது மொத்தச் சந்தை. சென்னை கோயம்பேட்டுச் சந்தையில் யார் யாரிடம் நின்றார் என்று யாராலும் சொல்ல முடியாது, சரக்கோடு ஆளும் மாவட்டங்களுக்குத் திரும்பிப் போனார்கள். 2020 மே மாதம் கடலூர், விழுப்புரம், அரியலூர் ஆகிய மாவட்டங்களில் எண்ணிக்கை எகிறியது இப்படித்தான். மே 5 அன்று சந்தையை மூடி, காய்கறியைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். திரும்பத் திறந்தபோது செப்டம்பரில் முதலில் உணவு தானியம், பத்து நாள் கழித்துக் காய்கறி என்று பிரித்துத் திறந்தது நல்ல முறை. உங்கள் ஊர்ச் சந்தையை மூட வேண்டி வந்தால், மூடும் முன்பே மாற்று இடத்தை ஏற்பாடு செய்துவிடுங்கள். பசித்த ஊர் விதியை மதிக்காது.

ஒரு கதவைத் திறந்தால் அடுத்ததற்குப் பதினான்கு நாள் காத்திருங்கள். தொற்றி, அறிகுறி வந்து, சோதித்து, ரிசல்ட் வந்து, பட்டியலில் தெரிய அவ்வளவு ஆகும். ஐந்தாம் நாள் 'பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை' என்று யாராவது சொல்வார். அப்போது தெரிவது திறப்பதற்கு முன்பு நடந்தது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்தால் எது பரப்பியது என்று பிரிக்க முடியாது. தமிழ்நாட்டில் 2020 செப்டம்பர் 1 அன்று மாவட்டங்களுக்கு இடையே இ-பாஸ் நீங்கியது, மாவட்டத்துக்குள் பஸ் ஓடியது, வழிபாட்டுத் தலங்கள் திறந்தன, வணிக வளாகங்களும் திறந்தன. அந்த மாதம் எண்ணிக்கை எகிறவில்லை, நாளுக்கு 5,000-க்கு மேலாகவே நின்று அக்டோபரில் இறங்கியது. நல்லதுதான். ஆனால் இவற்றில் எது ஆபத்தில்லாதது என்று அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ள முடியவில்லை.

6. மூடும் எல்லையைத் திறக்கும் முன்பே எழுதிவையுங்கள்

எண்ணிக்கை ஏறிய பிறகு எல்லை பேசினால் வியாபாரிகள் சங்கம் ஒருபக்கம், மருத்துவமனை மறுபக்கம் என்று இழுபறிதான். முன்பே எழுதி, கையெழுத்து வாங்கி, அலுவலக வாசலில் ஒட்டுங்கள்.

நூறு சோதனையில் எத்தனை பாசிட்டிவ் என்ற விகிதம் எல்லோரும் பார்ப்பது. உலகச் சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் இரண்டு வாரம் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றது. பார்க்கலாம், ஆனால் எளிதில் ஏமாற்றும். அறிகுறி இல்லாதவர்களை நிறையச் சோதித்தால் விகிதம் அழகாக இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மாதிரி குறைந்தால் தாறுமாறாகும். ஏழு நாளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நான் அதிகம் நம்பும் எண் வேறு. இன்று பாசிட்டிவ் ஆனவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே நம் தொடர்புப் பட்டியலில் இருந்தார்கள்? பத்தில் ஏழு எட்டு என்றால் கிருமிக்கு முன்னால் நாம் நடக்கிறோம். பத்தில் இரண்டு என்றால் நமக்குத் தெரியாத இடத்தில் பரவிக்கொண்டிருக்கிறது, மொத்த எண்ணிக்கை சின்னதாக இருந்தாலும் கடைசியாகத் திறந்ததை மூடுங்கள்.

மூன்றாவது, சுவரில் ஒட்டிய அந்த இருபது. தினசரி நோயாளிகள் அதில் முக்கால் பங்கைத் தொட்டால் அடுத்த கதவைத் திறக்காதீர்கள். இருபதையே தாண்டினால் ஒரு கதவைச் சாத்துங்கள். பேட்டிகள் நாளைக்குத் தள்ளிப்போகத் தொடங்கினால் முதல் படியில் அளந்த தாமதம் தானாக ஏறிவிடும்.

7. ஆப்

வைத்துக்கொள்ளலாம், அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. 2020-இல் வந்த ஆரோக்கிய சேது போன்ற, பக்கத்தில் வந்த போன்களைக் குறித்துவைக்கும் புளூடூத் செயலி வேலை செய்ய இருவரிடமும் ஸ்மார்ட்போன் இருக்க வேண்டும், இருவரும் அதைப் போட்டிருக்க வேண்டும். பத்தில் நான்கு பேர் போட்டிருந்தால், இருவர் சந்திப்பில் இரண்டு பக்கமும் செயலி இருக்க வாய்ப்பு நூற்றுக்குப் பதினாறுதான். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பையனின் ஆன்லைன் வகுப்பில் என்றால் இன்னும் குறையும்.

8. அலை மீறிப் போனால்

2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கு மேல் பாசிட்டிவ் வந்தபோது எந்தக் குழுவாலும் எல்லோரையும் அழைக்க முடியவில்லை. அப்போது பழைய முறையையே அரைகுறையாக ஓட்டுவது வீண். முழு ஊரடங்கு தரும் இடைவெளியில் வேலையைச் சுருக்குங்கள். அறிகுறி தொடங்கி ஆறு ஏழு நாள் ஆன நோயாளிகளின் தொடர்புகளை விட்டுவிடுங்கள், அங்கே நடக்க வேண்டியது நடந்துவிட்டது. இன்று நேற்று தொடங்கியவர்களை எடுங்கள். வீட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர், டயாலிசிஸ் நோயாளி, கர்ப்பிணி இருந்தால் அந்த வீடு முதலில். முதியோர் இல்லம், விடுதி, சிறை என்று பலர் சேர்ந்து தங்கும் இடங்கள் அடுத்து. மற்றவர்களிடம், 'நீங்களே உங்களோடு இருந்தவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்கண்ணே' என்று கேட்டு, என்ன சொல்ல வேண்டும் என்பதை நான்கு வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

எண்ணிக்கை குழுவின் அளவுக்கு இறங்கியதும் நேராகத் திறக்கப் போகாதீர்கள். மறுபடி ஒரு வாரத்துத் தேதிகளை எடுத்து முதல் படியிலிருந்து அளங்கள். ஆய்வகத்தில் தேங்கிய மாதிரிகள், விடுப்பில் போன ஊழியர்கள் என்று தாமதம் அலைக்கு முன் இருந்த இடத்தில் இருக்காது. பதினான்கு நாள் கணக்கு முடிந்தவர்களின் பெயரையும் எண்ணையும் அப்போதே பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுங்கள், தேதிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் யாருடைய சொந்த போனிலாவது பட்டியலின் படம் இருந்தால் அதையும் அழிக்கச் சொல்லுங்கள்.